உப்பும் சேர்ந்து கட்டிய சுருள்

அங்கே நிழல் கிடையாது. குடிதண்ணீர் கிடையாது. பெட்ரோல் பங்க், டீக்கடை, கழிப்பறை ஒன்றுமே கிடையாது. செல்போனில் சிக்னலைத் தேடுவதும் வீண். கோல்டன் ஸ்பைக் வரலாற்றுப் பூங்காவைத் தாண்டி, ஜல்லிச் சாலையில் 15 மைலுக்கு மேல் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனால் சாலை முடிகிற இடத்தில் ஓர் உப்பு ஏரி. அதன் கரையிலிருந்து உள்ளே இறங்கி, இடப்பக்கமாகச் சுருண்டு சுருண்டு, கடைசியில் ஒன்றுமில்லாத ஓரிடத்தில் போய் நிற்கும் கறுப்புக் கற்பாதை ஒன்று. அதைப் பார்க்கத்தான் இத்தனை பாடும். போங்கள். விசா கிடைத்தால், விடுமுறை கிடைத்தால், கையில் காசு இல்லாவிட்டால் கடன் வாங்கியாவது போங்கள். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில், கிரேட் சால்ட் லேக் ஏரியின் வடகிழக்குக் கரையில், ரோசல் பாயின்ட் என்ற இடத்தில் இருக்கிறது. ராபர்ட் ஸ்மித்சன் 1970 ஏப்ரலில் கட்டிய ‘ஸ்பைரல் ஜெட்டி’.

நான் கலை விமர்சகன் இல்லை. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு கலைப் பத்திரிகையில், பக்கம் முழுக்க நிறைந்திருந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில்தான் இந்தச் சுருளை முதலில் பார்த்தேன். இதை யார் கட்டினார், எதற்காகக் கட்டினார், இதைச் சிற்பம் என்று எப்படிச் சொல்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை. புரியாததாலேயே பிடித்துக்கொண்டது. பெரியம்மா மகன் அண்ணன் சால்ட் லேக் சிட்டிக்கு வேலை மாறிப் போனபோது, வீட்டில் எல்லோரும் சம்பளத்தையும் குளிரையும் பற்றி விசாரித்தார்கள். நான் ஜெட்டிக்கு அங்கேயிருந்து எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்று தெரிந்ததும் டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஜூன் மாதம், விடிகிற நேரத்தில் கிளம்பினோம். அண்ணன் வண்டி ஓட்ட, மதினி முன்னிருக்கையில், பின்னால் நானும் தண்ணீர் கேன்களும் புளியோதரையும். வழியில் கரையிலிருந்து நேர்கோடாக ஏரிக்குள் நீண்டிருந்த ஒரு கல் அணையைப் பார்த்ததும் அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார்.

“இதுக்காடே இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்த? கான்ட்ராக்டர் பாதியில விட்ட ரோடு மாதிரில்லா இருக்கு.”

“ஏங்க, சும்மா ஓட்டுங்க. அது எண்ணெய் எடுக்க வந்தவங்க போட்டது. நம்ம பாக்க வந்தது இன்னும் தள்ளி இருக்கு” என்றார் மதினி. போன வாரமே இணையத்தில் எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தார். “என்ன தம்பி, சரிதானே?”

சரிதான். ரோசல் பாயின்ட்டில் மண்ணுக்கடியிலிருந்து தார் தானாகவே கசிந்து வரும். அதை நம்பி எண்ணெய்க் கிணறு தோண்டியவர்கள் கட்டுப்படியாகாமல் விட்டுப் போனதன் மிச்சம்தான் அந்த நேர் அணை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

சாலை முடிவில் இறங்கிப் பார்த்தால் முதல் பார்வைக்கு ஜெட்டி சின்னதாகத்தான் தெரியும். ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஓர் ஏமாற்றம் போலக்கூட இருக்கலாம். அந்த நிமிடத்தில் திரும்பிவிடாதீர்கள்! பாறைகளின் மேல் கால் வைத்து இறங்கி, பாதையில் ஏறி நடக்கத் தொடங்குங்கள். நீளம் 1,500 அடி, அகலம் 15 அடி. பசால்ட் என்ற கறுப்பு எரிமலைக் கல்லும் மண்ணுமாக 6,000 டன்னுக்கு மேல். முதலில் நேராகப் போகிறது. ஏரியும் வானமும் எதிரே இருக்கின்றன. பிறகு மெதுவாக இடப்பக்கம் வளைகிறது. இதுவரை முதுகுப் பக்கம் இருந்த குன்று பக்கவாட்டில் வருகிறது, பிறகு எதிரே வருகிறது, பிறகு வலப்பக்கமாக நழுவிப் போகிறது. மறுபடி ஏரி. மறுபடி குன்று. சுற்று சிறுக்கச் சிறுக்க இந்தச் சுழற்சி வேகம் பிடிக்கிறது. நாம் நடக்கிற வேகம் மாறவே இல்லை, உலகம்தான் நம்மைச் சுற்றி விரைகிறது. ஒரு சிற்பத்தைச் சுற்றி வந்து பார்த்திருப்போம். சிற்பத்துக்குள் நடக்க, நிலவெளி முழுவதும் நம்மைச் சுற்றி வந்த அனுபவம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

காலடியில் உப்பு நொறுங்குகிறது. கல்லின் இடுக்குகளில் படிகங்கள் கட்டியிருக்கின்றன. காற்றில் உப்பு வாடையோடு மெல்லிய தார் வாடை. கடைசிச் சுற்றின் முனைக்கு வந்தால் அங்கே ஒரு தூண் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, ஒரு பெரிய கல்கூட இல்லை. பாதை முடிந்துவிட்டது. திரும்பி, வந்த வழியே சுருளை அவிழ்த்துக்கொண்டு வர வேண்டியதுதான். இப்போது தண்ணீர் வற்றிக் கிடப்பதால் பலரும் குறுக்கே நடந்து கரைக்கு வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குறுக்கு வழியில் வந்தவர் பாதிப் படைப்பைத்தான் பார்த்தார். அன்றைக்கு வந்திருந்த ஒரு குடும்பத்தின் சின்னப் பையன் உள்ளே ஓடி, வெளியே ஓடி, மறுபடி உள்ளே ஓடி, மூச்சு வாங்க நின்று சிரித்தான். அவனைவிட நன்றாக அதை ரசித்தவர் அன்று அங்கே யாருமில்லை.

அதன் பிறகு குன்றின் மேல் ஏறிப் பாருங்கள். இதுதான் என் இரண்டாவது வற்புறுத்தல். மேலே போகப் போகச் சுருள் முழுசாக விரிகிறது. வெள்ளை உப்புத் தரையில் ஒரே கறுப்புக் கோடு. தொலைவில் ரோஜா நிறத்தில் தண்ணீர். நிஜமாகவே ரோஜா நிறம்! அண்ணன் கூலிங்கிளாஸைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். “போட்டோவுல கலர் ஏத்திருப்பானுவன்னு நெனச்சேன்” என்றார்.

அந்த நிறத்துக்காகத்தான் ஸ்மித்சன் இங்கே வந்தார். பொலிவியாவில் செந்நிற உப்பு ஏரிகள் உண்டு என்று படித்திருந்தார். அவ்வளவு தூரம் போகாமல் பக்கத்தில் ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்ததில், கிரேட் சால்ட் லேக்கின் வடபகுதி தக்காளி சூப் நிறத்தில் இருப்பதாக யூட்டாவின் பூங்காத் துறையில் ஒருவர் சொன்னாராம். ஏரி முழுவதும் அப்படி இல்லை, வடபகுதி மட்டும்தான். அதற்குக் காரணம் ரயில். ஏரியைக் குறுக்கே கடக்க முதலில் மரத்தூண்களின் மேல் போட்டிருந்த தண்டவாளத்துக்குப் பதிலாக, 1959இல் கல்லைக் கொட்டி ஒரு கரை எழுப்பினார்கள். ஏரி இரண்டாகப் பிரிந்தது. ஆறுகள் வந்து சேருவதெல்லாம் தெற்கே. வடக்கே நல்ல தண்ணீர் போவது அற்பம், ஆவியாவது ஏராளம். அங்கே உப்பு ஏறி ஏறி, கடல் நீரைப் போல ஏழெட்டு மடங்கு ஆனது. அந்த உப்பில் மீன் வாழாது, செடி வாழாது. டுனாலியெல்லா என்ற பாசியும் உப்பை விரும்பும் சில நுண்ணுயிர்களும் மட்டும் வாழும். வெயிலிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ள அவை உடம்பில் சேர்த்துவைக்கும் நிறமிதான் தண்ணீரைச் சிவக்க வைக்கிறது. நம் ஊர் உப்பளங்களிலும் இதே பாசி உண்டு. பாத்தியில் தண்ணீர் கெட்டிப்பட்டு இளஞ்சிவப்பு நிறம் காட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். உலகத்தின் மறுகோடியில் அதே நிறத்தைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மதினி தண்ணீர் பாட்டிலை நீட்டினார், வெயில் என்று நினைத்துக்கொண்டு.

ஆக, இயற்கையின் அதிசயம் என்று நாம் வாயைப் பிளக்கிற அந்த நிறத்திலும் மனிதன் கை இருக்கிறது. ஸ்மித்சனுக்கு அது தெரியும். பச்சைப் பள்ளத்தாக்கையும் அருவியையும் தேடிப் போகிறவர் இல்லை அவர். கைவிட்ட எண்ணெய்க் கிணறு, குவாரி, சுரங்கம், கழிவுக் குட்டை போன்ற இடங்கள்தான் அவரை இழுத்தன. 1971இல் நெதர்லாந்தின் எம்மன் நகரில் ஒரு மணல் குவாரியில்தான் ‘புரோக்கன் சர்க்கிள்’ செய்தார். யூட்டாவிலேயே பிங்கம் என்ற பிரம்மாண்டமான தாமிரச் சுரங்கத்தை, வேலை முடிந்தபின் கலைப்படைப்பாக மாற்றலாம் என்று ஒரு திட்டமும் வரைந்தார். அது நடக்கவில்லை. மனிதன் குடைந்து போட்ட மண்ணை ஒன்றும் நடக்காததுபோல மூடி மறைக்காமல், காயத்தைக் காட்டிக்கொண்டே அதை வேறொன்றாக ஆக்க முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. ரோசல் பாயின்ட்டை அவர் தேர்ந்தெடுத்ததில் அந்தப் பழைய எண்ணெய் அணைக்கும் பங்குண்டு.

கட்டிய கதை இன்னும் சுவாரசியம். நியூயார்க்கில் கலைக்கூடம் நடத்திய வர்ஜீனியா டுவான் 9,000 டாலர் கொடுத்தார். நிலம் ஆண்டுக்கு 100 டாலர் வாடகையில் 20 ஆண்டுக் குத்தகை. ஆக்டன் ஊரைச் சேர்ந்த பாப் ஃபிலிப்ஸ் என்ற கட்டுமானக்காரர் வேலையை ஒத்துக்கொண்டார். ஏரிச் சேற்றில் வண்டிகள் புதைந்துபோகும் என்ற பயம் அவருக்கு நிறையவே இருந்தது. இரண்டு டிப்பர் லாரி, ஒரு டிராக்டர், ஒரு லோடர். ஸ்மித்சன் இடுப்புவரை ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, முளை அடித்து, கயிறு கட்டி வளைவைக் காட்டினார். முதலில் கட்டி முடித்தது இந்தச் சுருள் இல்லை, வேறொரு வளைவு. ஸ்மித்சனுக்குத் திருப்தி இல்லை. ஆட்களைத் திரும்ப வரவழைத்து, போட்ட கல்லை எடுத்து, இப்போது இருக்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்தார். சாலை போடுகிறவர்கள், அணை கட்டுகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள் கட்டிய சிற்பம் இது. அதை நினைத்தால் அண்ணனின் கான்ட்ராக்டர் ஜோக்கில்கூட ஓர் உண்மை இருக்கிறது.

ஏன் சுருள்? ஏரியின் நடுவே ஒரு பெருஞ்சுழல் இருக்கிறது, அது பூமிக்கடியில் பசிபிக் கடலோடு போய்ச் சேர்கிறது என்று அந்த வட்டாரத்தில் ஒரு பழங்கதை உண்டு. கல்லில் படியும் உப்புப் படிகம் சுருள்போல வளர்வதும் ஸ்மித்சனை ஈர்த்தது. ஒரு துளிப் படிகத்திலும் ஏரி முழுவதன் கதையிலும் அவர் ஒரே வடிவத்தைக் கண்டிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் மிகையாகப் பட்டது. அங்கே குனிந்து ஓர் உப்புக் கட்டியைப் பார்த்த பிறகு மிகையாகப் படவில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவர் கட்டியது வறட்சியால் ஏரி தாழ்ந்திருந்த ஆண்டு. மழையும் பனியும் கூடியதும் தண்ணீர் ஏறியது. இரண்டே ஆண்டில் ஜெட்டி மூழ்கிப் போயிற்று! ஸ்மித்சன் 1973 ஜூலையில், டெக்சாசில் ‘அமரில்லோ ரேம்ப்’ என்ற அடுத்த படைப்புக்காக இடத்தை வானிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது விமானம் விழுந்து இறந்தார். வயது 35. அதன் பிறகு முப்பது ஆண்டுகள், ஏறக்குறைய முழுவதும், இருபதாம் நூற்றாண்டின் மிகப் பிரபலமான சிற்பங்களில் ஒன்று தண்ணீருக்கடியில் கிடந்தது. ஒரு தலைமுறை அதைப் புகைப்படத்திலும், ஸ்மித்சனே எடுத்த திரைப்படத்திலும் மட்டும் பார்த்தது. அந்தப் படத்தில் அவர் சுருளுக்குள் ஓடுகிறார், ஹெலிகாப்டர் மேலிருந்து துரத்துகிறது. படிப்பதற்கே புராணம் போல இருக்கிறது. பிறகு 2002 வாக்கில் வறட்சி வந்து, ஏரி வற்றி, ஜெட்டி எழுந்தது. கறுப்பாகப் போனது வெள்ளையாக வந்தது. கல் ஒவ்வொன்றையும் உப்பு மூடியிருந்தது. ரோஜா நிறத் தண்ணீரில் வெள்ளைச் சுருள்!

யோசித்துப் பாருங்கள். எந்தச் சிற்பி தன் சிற்பத்தை இப்படி ஒப்படைப்பார்? அருங்காட்சியகத்தில் ஒரு சிற்பத்தின் மேல் தூசி படிந்தால் அலாரம் அடிக்கும். இங்கே ஏரி வந்து மூழ்கடித்தது, உப்புப் பூசியது, மழை வந்து உப்பைக் கரைத்தது, கல் சரிந்தது, மணல் நிரம்பியது. இவற்றில் எதுவும் சேதம் இல்லை. எல்லாம் வேலை. ஸ்மித்சன் தொடங்கிவைத்தார், ஏரி தொடர்கிறது. நான் பார்த்த ஜெட்டியை நீங்கள் பார்க்கப்போவதில்லை. எனக்கு அதில் பொறாமைகூட உண்டு.

நிலத்தையே கலைப்பொருளாக்கும் இந்தப் போக்கு 1960களின் பின்பாதியில் தலையெடுத்தது. கலைக்கூடத்தின் வெள்ளைச் சுவர், விலைச்சீட்டு, வாங்கிப்போய் வரவேற்பறையில் மாட்டுகிற பணக்காரர் என்ற வட்டத்துக்குள் மூச்சு முட்டியவர்கள் வெளியே போனார்கள். 1967இல் லண்டனில் படித்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் லாங் ரயிலேறி ஊருக்கு வெளியே போய், ஒரு புல்வெளியில் நேராக நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். புல் மடிந்து ஒரு கோடு தெரிந்தது. அதைப் படம் எடுத்தார். படைப்பு அவ்வளவுதான்! சில நாளில் புல் நிமிர்ந்திருக்கும். 1968 அக்டோபரில் நியூயார்க்கில் டுவானின் கூடத்திலேயே ‘எர்த்வொர்க்ஸ்’ என்ற கண்காட்சி நடந்தது. வெளியே போவதற்கும் கலைக்கூடத்தின் காசுதான் தேவைப்பட்டது என்பது இந்த வரலாற்றின் குறும்பு. கியூபாவில் பிறந்த அனா மெண்டியேட்டா தன் உடம்பின் உருவத்தை மண்ணிலும் மணலிலும் பூவிலும் பதித்து, அது கரைவதைப் பார்த்தார். ஆக்னஸ் டெனிஸ் 1982இல் மன்ஹாட்டனில், வானளாவிகளுக்குக் கீழே, கட்டடக் குப்பை கொட்டி நிரப்பிய இடத்தில் இரண்டு ஏக்கர் கோதுமை விதைத்து அறுவடை செய்தார். கோடிக்கணக்கான டாலர் பெறும் மண்ணில் கோதுமை!

மைக்கேல் ஹெய்சரைப் பற்றி எனக்கு இரண்டு மனம். நெவாடாவில் ஓவர்டன் ஊருக்கு மேலே உள்ள மேட்டு நிலத்தில் 1969-70இல் அவர் செய்த ‘டபுள் நெகட்டிவ்’ என்பது ஒன்றுக்கொன்று எதிரெதிரே வெட்டிய இரண்டு பள்ளங்கள். இதுவும் 1,500 அடி நீளம். 50 அடி ஆழம், 30 அடி அகலம். 2,40,000 டன் பாறையை வெட்டித் தள்ளினார்கள். இல்லாததைச் சிற்பமாக்கினார் என்று புத்தகங்கள் புகழ்கின்றன. அந்தப் பள்ளத்துக்குள் நின்றபோது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, மறைக்கவில்லை. ஆனால் மேட்டை இப்படி அறுக்க இவருக்கு யார் உரிமை கொடுத்தார் என்ற கேள்வியும் கூடவே வந்தது. அந்தக் காலத்துக் கலைஞர்கள் ஆளில்லாத வெறும் பாலை என்று நினைத்து வந்த மேற்கு நிலங்களில் ஷோஷோனி போன்ற பழங்குடிகள் காலங்காலமாக வாழ்ந்திருக்கிறார்கள். இயற்கையோடு உறவாடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே புல்டோசரில் வந்து இறங்கியவர்கள் இவர்கள். பள்ளத்தின் சுவர்கள் இப்போது இடிந்து விழுந்துகொண்டிருக்கின்றன, அடியில் பாறைகள் குவிந்துகிடக்கின்றன. மேடு தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது என்று தோன்றியது.

நான்சி ஹோல்ட்டிடம் அந்த உறுத்தலே இல்லை. ஸ்மித்சனின் மனைவி. கணவர் இறந்த மறு ஆண்டு, 1974இல், யூட்டாவிலேயே லூசின் என்ற ஆளொழிந்த ஊருக்கு அருகே பாலைநிலத்தில் 40 ஏக்கர் வாங்கினார். 1976இல் ‘சன் டனல்ஸ்’ முடிந்தது. நான்கு கான்கிரீட் குழாய்கள். ஒவ்வொன்றும் 18 அடி நீளம், 22 டன் எடை. உள்ளே நிமிர்ந்து நடக்கலாம். பெருக்கல் குறிபோல நான்கையும் கிடத்தியிருக்கிறார். வானியலாளர், பொறியாளர், நில அளவையாளர், கிரேன் ஓட்டுகிறவர் என்று ஒரு படையே வேலை செய்தது.

ஜூன் 21 மாலை அங்கே இருந்தே தீர வேண்டும் என்று பயணத்தையே அதற்கேற்பத்தான் வகுத்திருந்தேன். காலையிலிருந்தே கூடாரங்கள் முளைத்திருந்தன. கித்தார், நாய்கள், தொலைநோக்கி, யாரோ பொரித்துக்கொண்டிருந்த சாசேஜ். திருவிழா மாதிரிதான். நடுப்பகலில் வெளியே கொதிக்கிறது. குழாய்க்குள் போனால் அப்படியொரு குளுமை! கூரையில் துளைகள். அந்தத் துளைகள் நட்சத்திரக் கூட்டங்கள். டிராகோ, பெர்சியஸ், கொலம்பா, மகரம் என்று குழாய்க்கு ஒன்று. பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பெரிய துளை, மங்கலானதற்குச் சின்னது. வெயில் அவற்றின் வழியே இறங்கி, உள்சுவரில் வட்டமும் நீள்வட்டமுமாக விழுந்து, பார்க்கப் பார்க்க நகர்கிறது. பட்டப்பகலில் நட்சத்திரங்களின் நடுவே நிற்கிறேன். சூரியனே நட்சத்திரம் வரைகிறது. மதினி கையை நீட்டி ஒரு வட்டத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, அது விரலுக்கு நகரும்வரை அசையாமல் நின்றார்.

மாலையில் பேச்சு தானாகவே குறைந்தது. ஒரு குழாயின் பின்னால் வரிசையில் உட்கார்ந்தோம். அதற்கு எதிர்க் குழாய், இரண்டும் சேர்ந்து ஒரே கண் போல. அந்தக் கண்ணின் நடுவில் சூரியன் வந்து இறங்கியது. குழாயின் உள்பக்கம் முழுவதும் செம்பொன்னாகிவிட்டது. யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லோரும். சூரியனுக்குக் கைதட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதில் எனக்கு வெட்கமே இல்லை. ஆனி மாதத்தில் சூரியன் உதிக்கிற அதே கோட்டில்தான் மார்கழியில் எதிர்ப்பக்கம் போய் மறையும். அதனால் நான்கு குழாய்களே ஆண்டின் இரண்டு எல்லைகளுக்கும் போதும். மேட்டை அறுக்காமல், வெறும் கான்கிரீட் குழாயை வைத்து வானத்தைக் கீழே இறக்கிவிட்டார் ஹோல்ட். கணவரின் புகழில் பாதிகூட இவருக்கு வரவில்லை என்பது எனக்கு ஆறவே ஆறாத கோபம். ஜெட்டிக்குப் போகிறவர்கள் லூசினுக்கும் போங்கள். ஜெட்டி மட்டும் பார்த்துவிட்டு வந்தேன் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

ஹோல்ட் இன்னொன்றும் செய்தார். 2008இல் ஜெட்டியிலிருந்து சில மைல் தொலைவில் ஏரிக்குள் எண்ணெய்க் கிணறு தோண்ட ஒரு விண்ணப்பம் வந்தபோது அவர் எழுப்பிய குரலுக்கு ஆயிரக்கணக்கான கடிதங்கள் யூட்டா அரசுக்குப் போய்க் குவிந்தன. கிணறு தோண்டப்படவில்லை. 1999இலிருந்து ஜெட்டி, டியா கலை அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. சன் டனல்ஸும் 2018இல் அவர்களிடம் வந்தது. டியா ஜெட்டியை வானிலிருந்து படமெடுத்துப் பதிவு செய்துவருகிறது. 2017இல் யூட்டா ஜெட்டியைத் தன் அதிகாரபூர்வ நிலக்கலைப் படைப்பாகவே அறிவித்தது. கல் சரிந்த இடத்தில் புதுக் கல் போட்டு உயர்த்தலாமா என்ற விவாதம் அவ்வப்போது எழுகிறது. போடக் கூடாது என்பது என் கட்சி. தேய்வதையும் சிதைவதையும் வாழ்நாள் முழுக்க எழுதியவருடைய படைப்புக்கு மராமத்துப் பணி பார்ப்பது அபத்தம்.

ஆனால் ஏரி விஷயம் அப்படி இல்லை. 1986-87இல் கடல்மட்டத்துக்கு மேல் 4,211 அடியைத் தாண்டிய நீர்மட்டம் 2022 நவம்பரில் 4,188.5 அடிக்கு இறங்கிவிட்டது. அதுவரை பதிவானதிலேயே மிகத் தாழ்ந்த மட்டம் அதுதான். ஏரிக்கு வர வேண்டிய பேர், வெபர், ஜோர்டான் ஆறுகளின் தண்ணீர் வயலுக்கும் ஊருக்கும் திருப்பப்படுகிறது. காய்ந்த ஏரிப்படுகையிலிருந்து கிளம்பும் தூசியில் ஆர்சனிக் இருக்கிறது. ஜெட்டியைச் சுற்றி இப்போது வெள்ளைத் தரைதான். அதன் முனையிலிருந்து தண்ணீரைத் தொட இன்னும் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. நான் இவ்வளவு நேரம் கொண்டாடினேனே, ஏரியும் சேர்ந்து செய்கிற வேலை என்று, அந்த ஏரி பின்வாங்கிவிட்டது. மூழ்குவதும் எழுவதும்தான் இதன் உயிர். ஒரேயடியாகக் கரையில் கிடந்தால் அது மனிதன் மட்டும் செய்த சிற்பம் ஆகிவிடும். ஸ்மித்சனின் தேய்மானத் தத்துவத்தைச் சொல்லி இதையும் நியாயப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஏற்புடையதில்லை. அண்ணன் வீட்டு முற்றத்தில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயை மதினி அந்த வாரமே நிறுத்திவிட்டார். “கல்லு செடி வச்சா போதும், பாலைவனத்துல என்ன புல்லு?” என்றார். அண்ணன் வாய் திறக்கவில்லை.

அடுத்தது நியூ மெக்சிகோ. வால்டர் டி மரியா 1977இல் நட்ட 400 எஃகுக் கம்பங்கள், ஒரு மைலுக்கு ஒரு கிலோமீட்டர் பரப்பில், ‘லைட்னிங் ஃபீல்ட்’. பெயரைப் பார்த்து மின்னலுக்காகக் காத்திருக்கக் கூடாதாம், விடியலிலும் அந்தியிலும் கம்பங்கள் ஒளிர்வதும் உச்சி வெயிலில் கண்ணுக்கே தெரியாமல் போவதும்தான் விஷயமாம். படம் எடுக்க அனுமதி இல்லை. போனால் இரவு அங்கேயே மரவீட்டில் தங்கித்தான் ஆக வேண்டும். மே முதல் அக்டோபர் வரைதான் திறப்பு, ஒரு நேரத்தில் ஆறு பேருக்குத்தான் இடம். அண்ணன், மதினி, நான் என்று மூன்று இடம் நிரம்பிவிட்டது. இன்னும் மூன்று பேர் வேண்டும். குறட்டை விடுகிறவர்களும் வரலாம், அண்ணன் இருக்கிறார் துணைக்கு. புளியோதரை மதினி கட்டித் தருவார்.